நாலு ஸ்க்ரூவும் ஒரு சந்தனப் பொட்டும்

வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பலாமரத்தடியில், என் மகள் செய்த கேம் கன்சோல் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் கோளாறு பண்ணியது. ஏன் கோளாறு பண்ணியது என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லியே சோறு தின்றவன் நான்.

எங்கள் சர்வீஸ் டெக்னீஷியன்கள் சங்கத்து இளைஞர்கள், "ஏதாவது அனுபவம் எழுதுங்கண்ணே" என்று கேட்டார்கள். செத்துப்போன போர்டுகளுக்கு நான் உயிர் கொடுத்த கதைகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தால் அந்த கன்சோலுக்குள் ஓடிய ஆடுதான் கண்ணில் வருகிறது. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

1. ஈரம்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் என் கடை. டேப் ரெக்கார்டரில் ஆரம்பித்து, பட்டன் போன் வழியாக டச் போனுக்கு வந்து சேர்ந்தவன். என்ன மாறினாலும் எங்கள் தொழிலுக்கு எதிரி ஒன்றுதான், ஈரம். பம்ப்செட் தொட்டியில் விழுந்த போன், சாம்பாரில் விழுந்த போன், துவைக்கப் போட்ட சட்டையோடு ஊறிய போன் என்று தினமும் வரும்.

களமருதூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார்.

"தண்ணில வுழுந்திடுச்சிங்க. நெல்லுல பொதைச்சி வெச்சா ஈரத்த இழுத்துக்கும்னாங்க. வெச்சேன்."

"சரி, போன் எங்க?"

"மூட்ட மில்லுக்குப் பூடுச்சிங்க. மில்லுகாரரு போன் பண்ணாரு, உம் போன் இங்க கீதுன்னு."

"உங்க போன்தான் மில்லுல இருக்குதே, எந்த போனுக்குப் பண்ணாரு?"

"என் வூட்டுக்காரி போனுக்கு. அதுவும் இப்ப பேச மாட்டுது. அதத்தான் எட்தாந்திருக்கேன்."

இப்படிப்பட்டவர்களுக்காகவே கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'ஈரக்கையால் எதையும் தொடாதீர்கள்.' வெள்ளை அட்டையில் சிவப்பு மையால் எழுதியது. அதற்கு நேர் கீழேதான் என் வேலை மேசை.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் சந்தன வில்லையைப் பன்னீரில் குழைத்து, சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் வழக்கம். சால்டரிங் ஸ்டாண்ட், மல்டிமீட்டர், ஹாட் ஏர் பிளோயர், மைக்ரோஸ்கோப், எல்லாவற்றுக்கும் உண்டு. கெடாத இடமாகப் பார்த்து வைப்பேன். வாடிக்கையாளர் பொருளில் ஒரு நாளும் வைத்ததில்லை. இந்த ஒழுங்கைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது.

2. பாதி தேய்ந்த சோப்பு

பவித்ரா என் ஒரே மகள். எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்தாள். காலேஜுக்கு வந்த கம்பெனிகள் எதிலும் அவள் பெயர் வரவில்லை. ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். அவள் கவலைப்பட்டாளோ இல்லையோ, அவள் பங்கையும் சேர்த்து நானே கவலைப்பட்டேன்.

கடைசி வருட ப்ராஜெக்டாக அவள் செய்ததுதான் அந்த கன்சோல். உள்ளங்கை அளவு. பாதி தேய்ந்த குளியல் சோப்பு மாதிரி ஓரமெல்லாம் வழுவழுவென்று இருக்கும். சின்னக் கையிலிருந்து நழுவாமல் இருக்க முதுகில் இரண்டு குழி. முன்பக்கம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. வலது பக்கம் இரண்டு உருண்டை பட்டன். இடது பக்கம் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பட்டன், மேலே கீழே, இடம் வலம் போவதற்கு. அதை டி-பேட் என்போம். அதற்கு அடியில் டிவி ரிமோட்டில் இருப்பது போன்ற ரப்பர் பேட். அழுத்தினால் அந்தப் பேடின் கறுப்பு அடிப்பாகம் போர்டில் இருக்கும் கார்பன் கோடுகளைத் தொடும், சிக்னல் போகும். கீழே சி-டைப் சார்ஜிங் போர்ட். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எட்டு மணி நேரம் தாங்கும். கரண்ட் இல்லாத நாளிலும் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பது அவள் கணக்கு.

மேல்கூட்டை காலேஜ் லேபில் இருந்த த்ரீ-டி பிரிண்டரில் பிரிண்ட் எடுத்தாள். லேபில் அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கூட்டுக்கான பிளாஸ்டிக். அதுவும் வெளிர் மஞ்சள். ஆக, உலகத்திலேயே அந்த கன்சோல் ஒன்றுதான்.

அதில் ஓடும் விளையாட்டும் அவளே எழுதியது. ஒரு ஆடு கல்வராயன் மலை ஏறும். வழியெல்லாம் கடுக்காய் பொறுக்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் வரும்போது ஓரமாக ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் 'ம்மே' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவள் வடிவமைப்பில் எனக்கு நிம்மதியைக் கெடுத்தது பின்பக்க மூடி. நாலே நாலு ஸ்க்ரூ. அதுவும் தலையில் அகலமான கோடு போட்டது.

"ஓரமெல்லாம் பசை வெச்சி ஒட்டிடு பாப்பா. எவனும் தொறக்க முடியாது."

"தொறக்கணும்ப்பா. ஒரு ரூபா காசு வெச்சி திருப்பினா தொறந்துக்கணும்."

"எதுக்கு?"

"மலை மேல ஒரு புள்ள கையில இது கெட்டுப்போச்சின்னா எங்க எட்துக்கினு போவும்? கீழ எறங்கி உன் கடைக்கு வரணும். நீ 'நாளைக்கு வா'ன்னுவ."

நான் அப்படிச் சொல்வது உண்டுதான். அதை வீட்டில் சொல்லிக் காட்டுவாள் என்று நினைக்கவில்லை.

"சரி, ஒரு ஸ்டிக்கராவது ஒட்டு. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்னு."

"குழந்தைங்க வெளாட்ற சாமாம்ப்பா இது."

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் சொன்னதைக் கேட்டாள். அதைத் தனிக் கூட்டுக்குள் அடைத்து, பாதுகாப்பு சர்க்யூட்டும் போட்டாள். இருந்தும் உப்பிப்போன பேட்டரி கனவில் வருவது எனக்கு நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஷீலா மேடம் போன் செய்தார். குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பொறியாளர். பவித்ரா அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

"மேசை மேல வச்சா எல்லாமே நல்லாத்தான் ஓடும். இதுவரைக்கும் இதைத் தொடாத பசங்க கையில ரெண்டு மணி நேரம் கொடுப்போம். கடைசி வரைக்கும் ஓடுச்சுன்னா டிசைன் டீம்ல உங்களுக்கு வேலை. பாதியில நின்னா வருத்தப்படாதீங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.



3. பொட்டு

சோதனை நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. முதல் நாளே கன்சோலை என் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். சார்ஜ் ஏறுவதை மீட்டரில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி.

காலையில் கிளம்பும்போது என் மனைவி மல்லிகா, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் காசை முடிந்து என் சட்டைப் பையில் வைத்தாள். காரியம் முடிந்ததும் கோயிலில் சேர்க்க வேண்டிய வேண்டுதல் காசு.

"எலெக்ட்ரானிக்ஸுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? காசு முடிஞ்சா சர்க்யூட்டு ஓடுமா?" என்று சிரித்தேன்.

"நீங்க உங்க மீட்டருக்குப் பொட்டு வெக்கறீங்க இல்ல, அந்த சம்பந்தம்தான். அவுத்துடாதீங்க, சொல்ட்டேன்."

கடைக்குப் போனேன். சந்தனம் குழைத்தேன். எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தேன். மேசையில் கன்சோல் மட்டும் வெறும் நெற்றியோடு என்னைப் பார்த்தது.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசித்துத்தான் செய்தேன். திரை மேல் வைக்கக்கூடாது. ஸ்பீக்கர் ஓட்டை கூடாது. சார்ஜிங் போர்ட் கூடவே கூடாது. டி-பேடின் நடு மையம் கெட்டிப் பிளாஸ்டிக், அதில் ஓட்டை கிடையாது. கூட்டல் குறியின் நடுவில் ஒரு பொட்டு எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! வைத்தேன். அதன் நடுவில் துளி குங்குமமும் வைத்தேன்.

அழகாக இருந்தது. வாசலில் பவித்ராவின் ஸ்கூட்டி சத்தம் கேட்டது.

பார்த்தால் கத்துவாள். கட்டைவிரலால் அவசரமாகத் துடைத்தேன். காய்ந்திருந்தால் உதிர்ந்திருக்கும். பன்னீர் ஈரத்தில் அது வழுக்கிக்கொண்டு டி-பேடின் இடது இடுக்கில் போய் மறைந்துவிட்டது. கூடும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள். வெளியில் ஒரு தடயமும் இல்லை.

"சார்ஜ் ஃபுல்லாப்பா?"

"ஃபுல்லு பாப்பா."

கைப்பையில் போட்டுக்கொண்டாள். ரிப்பேர் முடிந்த எந்தப் போனையும் ஒரு கால் போட்டுப் பார்க்காமல் நான் வாடிக்கையாளர் கையில் கொடுத்ததில்லை. அன்றைக்கு அந்த கன்சோலை நான் ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த சுவரில் சிவப்பு மை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

4. குழம்பு

ஷீலா மேடம் தன் காரிலேயே வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவிலும் பவித்ராவின் மடியில் இருந்த பை ஒரு பக்கம் சாய்ந்தது. என் மனதில் அந்தச் சந்தனமும் அதே பக்கம் ஓடியது.

"பையச் சாய்க்காத பாப்பா. நேரா புடி."

"உள்ள இன்னா கொழம்பா இருக்குது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் சீட்டில் மேடம் இருக்கும்போது எப்படிச் சொல்வது? மேலே போவதற்குள் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே சொல்லைத்தான் என்னிடம் வரும் எல்லோரும் சொல்வார்கள். 'காஞ்சிடுச்சின்னு நெனச்சங்க.' அவர்களைப் பார்த்து நான் எத்தனை தடவை உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன்!

5. ஆட்டுக்கு அந்தாண்டதான் வீடு

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலாமரத்தடியில் காத்திருந்தார்கள். மேடம் நேரம் குறித்துக்கொண்டு, கன்சோலை முன்வரிசையில் இருந்த தமிழரசி என்ற பெண்ணிடம் கொடுத்தார். எப்படி விளையாடுவது என்று யாரும் சொல்லித்தரக்கூடாது என்பது ஒப்பந்தம்.

அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். முதுகுக் குழியில் இரண்டு விரல்களும் தாமாகவே போய் உட்கார்ந்தன. பவித்ரா என் கையைக் கிள்ளினாள். மூன்றாவது நிமிடம் ஆடு மலையேறியது. பத்தாவது நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் 'ம்மே' என்றார்கள்.

ஒரு மணி நேரம் குறையில்லாமல் போனது. காய்ந்துவிட்டது, தப்பித்தோம் என்று நான் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஆனால் முப்பது பேர் வியர்த்த கையோடு மாற்றி மாற்றி அழுத்தியதில், இடுக்கில் இருந்த சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அக்கா, ஆடு அந்தாண்டயே போவுது" என்றாள் தமிழரசி.

"இந்தாண்ட அமுக்குடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அமுக்கிக்கினுதான் கீறேன். கேக்க மாட்டுது."

"ஆட்டுக்கு அந்தாண்டதான் வூடு போல. வுடு, போவட்டும்."

ஆடு இடது பக்கமாகவே போய், வளைவில் வந்த பஸ்ஸுக்கு நேராக நின்றது. ம்மே. மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் இடது பக்கம், ம்மே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பவித்ரா மட்டும் சிரிக்கவில்லை. வாங்கி ஆஃப் செய்து ஆன் செய்தாள். யாரும் தொடாமலேயே ஆடு இடது பக்கம் நடந்துபோய் பஸ்ஸுக்கு அடியில் உட்கார்ந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வெய்யில் ஜாஸ்தியா கீது" என்றுதான் வந்தது. நாங்கள் நிழலில் நின்றுகொண்டிருந்தோம்.

"மேடம், தொறந்து பாக்கலாமா?" என்று கேட்டாள் பவித்ரா.

"உங்க பொருள், உங்க இஷ்டம். நேரம் மட்டும் நிக்காது" என்றார் மேடம்.

"ஒரு ரூபா காசு இருந்தா குடுங்க."

யாரிடமும் காசு இல்லை. மேடத்திடம் போன்தான் இருந்தது. தலைமையாசிரியர் இரண்டு பையிலும் தேடிவிட்டு, "எல்லாம் ஸ்கேன் பண்ணியே பழகிப்போச்சும்மா" என்றார். பிள்ளைகளிடம் ஏது காசு? ஒரு பொருளைக் காசு வைத்துத் திறக்கலாம் என்று வடிவமைத்தாயிற்று, நாட்டில் காசைத்தான் காணோம்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"என்னாண்ட ஒண்ணு இருக்குது பாப்பா. ஆனா அது அம்மா முடிஞ்ச சாமி காசு. அவுக்கக் கூடாதுன்னாங்க."

"அப்பா!"

"இரு, ஒரு வார்த்த கேட்டுட்றேன்." மல்லிகாவுக்குப் போன் போட்டேன். டவர் இல்லை.

தமிழரசி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவுத்துட்டு மறுக்கா முடிஞ்சிக்கலாம் சார். சாமி இன்னா எண்ணிக்கினா இருக்கும்?"

அவிழ்த்தேன். பவித்ரா காசை ஸ்க்ரூவின் கோட்டில் வைத்துத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூடி கையோடு வந்தது. குப்பென்று மணம் எழுந்தது.

"சந்தன வாசனை வருதே?" என்றார் மேடம்.

"இந்த மலைல சந்தன மரம் ஜாஸ்திங்க மேடம்" என்றேன் நான்.

"அதெல்லாம் எப்பவோ வெட்டிக்கினு பூட்டாங்க சார்" என்றாள் தமிழரசி. கன்சோலுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். "இது மரமும் இல்ல. கடையில விக்கிற வில்ல."

பவித்ரா போர்டைத் தூக்கி, ரப்பர் பேடை உரித்து எடுத்தாள். இடது பக்கத்துக் கார்பன் கோடுகளின் மேல் ஈரமாக, மஞ்சளாக ஒரு திட்டு. அந்த ஈரம் வழியாகத்தான் கரண்ட் தாவியிருக்கிறது, பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதாக போர்டு நம்பியிருக்கிறது. திட்டுக்கு நடுவில் சிவப்பாக ஒரு துளி. அவள் அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் வலது கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். அங்கேயும் குங்குமம் இருந்தது.

"என்ன ஃபால்ட்?" என்று மேடம் கேட்டார்.

"எங்கப்பா, மேடம்."

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? காலையில் நடந்தது முழுவதையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். டி-பேடின் மையத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பது வரை சொன்னேன். என் கடைச் சுவரில் இருக்கும் அட்டையைப் பற்றியும் சொன்னேன். தலைமையாசிரியர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பவித்ரா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யார்கிட்டயாவது அழிரப்பர் இருக்குதா?" என்று கேட்டாள். முப்பது கைகள் நீண்டன. ஒன்றை வாங்கினாள். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, கார்பன் கோடுகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தாள். ரிமோட் பட்டன் வேலை செய்யாதபோது நான் செய்யும் வேலை அது. என்றைக்கோ கடையில் பார்த்திருக்கிறாள். கடைசி இரண்டு ஸ்க்ரூக்களைத் தமிழரசியே காசு வைத்து முடுக்கினாள்.

ஆன் செய்தார்கள். ஆடு நின்ற இடத்தில் நின்றது. வலது பக்கம் அழுத்தினால் வலது பக்கம் போனது. பஸ் வந்தபோது ஒதுங்கி நின்றது. நான் பலாமர வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பாதி விளையாடினார்கள், பாதி திறந்து பார்த்தார்கள். ஆட்டைவிட கன்சோலின் வயிறு அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. என் சாமி காசு கை மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் முடிந்தபோது கன்சோல் ஓடிக்கொண்டிருந்தது.

6. அப்பா தடுப்பு

இறங்கும்போது கோமுகி அணைக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். மேடம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பவித்ராவிடம் கேட்டார்.

"உங்க அப்பா இதை வேற என்னென்ன பண்ணுவாரு?"

"சார்ஜ் சூடாவுதான்னு கன்னத்துல வெச்சிப் பாப்பாரு மேடம். தூசி போவணும்னு வாயால ஊதுவாரு. பூட்டி பீரோல வெப்பாரு. சாவியத் தொலைப்பாரு."

மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"கீழே போட்டுப் பார்ப்போம், மணல்ல புதைச்சுப் பார்ப்போம். ஆனா வித்த பிறகு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு அப்பா இருப்பாருன்னு நாங்க யோசிக்கலை" என்றார். பிறகு, "சொன்னது சொன்னதுதான், பவித்ரா. கடைசி வரைக்கும் ஓடுச்சு. அடுத்த மாசம் வந்து சேருங்க. பசை வச்சு ஒட்டியிருந்தா இந்நேரம் நீங்க அழுதுட்டு இருப்பீங்க" என்றார்.

ஒட்டச் சொன்னதும் நான்தான் என்பதை பவித்ரா அங்கே சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப நான் வெச்ச காசுதான் காப்பாத்துச்சி. நீங்க வெச்ச பொட்டு கெட்துச்சி. அப்படித்தானே?" அன்று முதல் பால் பொங்கினால்கூட இதைத்தான் சொல்கிறாள்.

பவித்ரா இப்போது சென்னையில் இருக்கிறாள். போன மாதம் புது மாடல் ஒன்றையும் அதன் வரைபடத்தையும் கூரியரில் அனுப்பினாள். டி-பேடைச் சுற்றி உள்பக்கமாக மெல்லிய ரப்பர் விளிம்பு. என்ன வழிந்தாலும் கார்பன் பக்கம் போகாமல் வெளியே வடிய ஒரு சின்ன வாய்க்கால். வரைபடத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் போட்டிருந்தாள். அந்த விளிம்புக்கு நேராக அம்புக்குறி போட்டு 'அப்பா தடுப்பு' என்று எழுதியிருந்தாள். கம்பெனியிலும் அதை இப்போது அந்தப் பெயரில்தான் சொல்கிறார்களாம்.

கூடவே ஒரு சீட்டு: 'டெஸ்ட் பண்ணணும்ப்பா. சந்தனம் வை. நல்லாத் தண்ணியாக் கொழைச்சி வை. அன்னிக்கி மாதிரியே தொட.'

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு பொருளைக் கெடுக்கக்கூடியவை என்று தூசி, தண்ணீர், சூடு எல்லாவற்றையும் பட்டியல் போடுவீர்கள். பட்டியலின் தலையில், அந்தப் பொருளின்மேல் பிரியம் வைத்திருப்பவர்களை எழுதுங்கள். ஈரக்கையோடு முதலில் வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் தொட்ட பிறகு திறந்து துடைக்கிற மாதிரி செய்து வையுங்கள். பசை வேண்டாம்.

சீட்டு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்தேன். இந்தத் தடவை கம்பெனியே கேட்டு வைக்கிற பொட்டு. மையத்தில் வைத்து, கட்டைவிரலால் இடது பக்கம் அழுத்தித் துடைத்தேன். ஆன் செய்தேன்.

ஆடு அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. டீ ஆறும்வரை நானும் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடைசிவரை இடது பக்கம் போகவே இல்லை.